நீத்துப்பெட்டியும் கியூஆர் அட்டையும்

எங்கட ஊரில் பனையோலை இழைக்கிற ஒரு அக்கா இருக்கிறா. நீத்துப்பெட்டி, சுளகு, கடகம் எல்லாம் அவவின் கையால் வந்தால் ஒரு தனி வடிவு. போன வருசம் சிறுதொழில் செய்வோருக்கான டிஜிட்டல் பயிற்சி ஒன்றுக்கு அவவைக் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து ஸ்லைட், மத்தியானம் சோற்றுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். சான்றிதழ் இப்ப சுவரில் தொங்குது. பெட்டிகள் இன்னும் சந்தை வியாபாரிக்குத்தான் போகுது, அவர் சொல்லுற விலைக்கு.

இதைக் கதைத்தால் உடனே வருகிற பதில்: "அவையளுக்கு டெக்னோலஜி விளங்காது." இதை நாங்கள் ஏற்கவில்லை. அந்த அக்கா வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சியோடு வாட்ஸ்அப் வீடியோவில் கதைக்கிறா. இழைத்த பெட்டியைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுறா. அதைப் பார்த்து கொழும்பிலிருந்து ஓடரும் வந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

காசு எப்படி வாங்குவது? வங்கிக்குப் போட்டாச்சு என்று ஒரு ஸ்கிரீன்ஷொட் வரும். அது உண்மையா என்று பார்க்க வங்கியின் செயலி வேணும். அதில் பாதி ஆங்கிலம், மிச்சம் எங்களுக்கே விளங்காத தமிழ். சாமான் கிடைத்த பிறகு காசு என்றால், கூரியர்காரர் வாங்கித் தரும்வரை ஓலைக்கும் சாயத்துக்கும் கைக்காசு போட வேணும். வாங்கினவர் திருப்பி அனுப்பினால் அந்தச் செலவும் அவவின் தலையில். லங்கா கியூஆர் நல்ல ஏற்பாடு: ஒரே அட்டை, எந்த வங்கியின் செயலியிலிருந்தும் காசு கட்டலாம். ஆனால் அக்கா அதைக் கேட்கப் போனபோது, முதலில் வியாபாரப் பதிவு கொண்டு வாங்கோ என்றார்கள். அதற்குப் பிரதேச செயலகம் போக வேணும். ஒருநாள் அலைந்தால் ஒருநாள் உழைப்பு போச்சு.

கென்யாவில் 2007இல் எம்-பெசா வந்தபோது ஸ்மார்ட்போனும் கேட்கவில்லை, வங்கிக் கணக்கும் கேட்கவில்லை. சாதாரண பட்டன் போன் போதும். காசைப் போடவும் எடுக்கவும் பக்கத்துக் கடைக்காரரே முகவராக இருந்தார். சனம் ஏற்கனவே போய்வருகிற கடைக்குத்தான் அந்தச் சேவை வந்தது. அதிலும் கட்டணம் போன்ற குறைகள் உண்டு. ஆனாலும் யார் யாரிடம் நடந்து போக வேணும் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

இங்கே எல்லாம் தலைகீழ். அந்த அக்காதான் எல்லா இடமும் நடக்கிறா.

ஆகவே இன்னொரு பயிற்சிப்பட்டறை வேண்டாம் என்கிறோம். பதிவையும் கியூஆர் அட்டையையும் ஊருக்கே கொண்டுவந்து ஒரே நாளில் முடித்துக் கொடுங்கோ. செயலியின் தமிழை, அதைப் பாவிக்கப் போகிற ஆட்களிடம் வாசிக்கக் கொடுத்த பிறகு வெளியிடுங்கோ.

எங்களுக்கும் இதில் பங்கு இருக்கு. கம்பஸில் இருந்தபடி சாப்பாடு முதல் சப்பாத்து வரை போனில் ஓடர் பண்ணுகிற ஆட்கள் நாங்கள். லீவுக்கு வீட்டை போகும்போது அப்படி ஒரு அக்காவோடு நாலு நாள் இருக்கலாம். முதல் ஓடர் போய், காசு கணக்கில் விழுந்ததை அவவே பார்க்கும்வரைக்கும்.