காதுல விழாத கருத்துக்கேட்பு

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..."

நம்ம பக்கம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தெளிவா காதுல விழுற ஒரே வாசகம் இதுதான். அதுக்கப்புறம் மேடையில் பேசுறது எல்லாம் 'ஙொய்ங்'தான். நக்கலுக்குச் சொல்றேன்னு நினைக்காதீங்க மக்களே, வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி மரக்காணம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒரு திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். என்ன திட்டம், யார் நடத்தினாங்க என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சண்டை அவங்களோட இல்லை. எக்கியார்குப்பத்திலிருந்து நாங்க ஒரு பதினைஞ்சு பேர் போயிருந்தோம். (ஊர் பேரைக் கேட்டதும் 2023 மே மாசக் கள்ளச்சாராயச் சாவுதான் உங்களுக்கு ஞாபகம் வரும். கடல், உப்பளம், வலை, பைபர் போட்னு எங்களுக்கு வேற சோலியும் உண்டு.) சாமியானா பந்தல். நாலு மூலையிலும் கம்பம், கம்பத்துக்கு ரெண்டு கூம்பு. அதிகாரி ஒருத்தர் அரைமணி நேரம் எழுதி வெச்சதைப் படிச்சார். பக்கத்துல உட்கார்ந்திருந்த மாமா என் தொடையைத் தட்டி, "இன்னா சொல்றாரு தம்பி?" என்றார். எனக்கும் புரியலை. "திட்டத்தைப் பத்தி சொல்றாரு மாமா"ன்னு சமாளிச்சேன்.

மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். முப்பது வருஷம் போட் இன்ஜினுக்குப் பக்கத்துல உட்கார்ந்தவர் காது வேற எப்படி இருக்கும்? ஆனா அவருக்குத் தெரிஞ்ச விஷயம் அந்தப் பந்தலில் பலருக்குத் தெரியாது. மைக் கிடைச்சதும் ரெண்டே நிமிஷத்துல சொன்னார்: "தெக்க கல்லு கொட்டினா வடக்க கடல் தின்னும். எங்களுக்கு வேண்டாம்." இது கிழவர் புலம்பல் இல்லை. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் தடுப்பு போட்ட பிறகு அதுக்கு வடக்கே கரை அரிச்சதை, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி வரைக்கும் போய் இன்னைக்கும் கண்ணால பார்க்கலாம்.

கூட்டம் முடியும்போது, வந்த கருத்துகளைத் தொகுத்து ஒருத்தர் வாசிச்சார். அதே கூம்பு, அதே ஙொய்ங். முன்வரிசையில் கை தட்டினாங்க, மாமாவும் தட்டினார். அவர் சொன்னது அந்தத் தொகுப்பில் இருந்துச்சா என்பது அவருக்கே தெரியாது. 'வேண்டும்' என்பதுக்கும் 'வேண்டாம்' என்பதுக்கும் நடுவே இருக்கிறது ஒரே ஒரு எழுத்து. அந்தக் கூம்பில் ரெண்டும் 'வேண்ண்...ம்' என்றுதான் வந்தது.

நிற்க. இப்ப மேட்டருக்கு வர்றேன்.

கேட்காத கூட்டம் கூட்டமே இல்லை. நம்ம ஊர்க் கூட்டங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் நடக்குது. இதைச் சரிசெய்யக் கூம்பை ஏத்த வேண்டாம், இறக்கணும். சத்தத்தைக் கம்பியில்லாமல் ஒவ்வொருத்தர் காதுக்கும் நேரா அனுப்பணும்.

"சவுண்டை ஏத்துப்பா"ன்னு மைக்செட்காரரை அதட்டினால் தீர்ந்துடும்னு நினைக்கிறவங்களுக்குக் கொஞ்சம் எட்டாம் வகுப்பு அறிவியல். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். நூறு மீட்டர் இடைவெளியில் ரெண்டு கம்பம் நட்டா, பக்கத்துக் கம்பத்தின் சத்தம் உங்களுக்கு வந்து கால் நொடிக்கும் மேலே கழிச்சுத்தான் தூரத்துக் கம்பத்தின் சத்தம் வந்து சேரும். சாதாரணப் பேச்சில் ஒரு நொடிக்கு நாலைஞ்சு அசை ஓடும். அதாவது ஒரு அசை மேல் அடுத்த அசை ஏறி உட்காரும். சத்தத்தை ஏத்தினா ரெண்டும் சேர்ந்துதான் ஏறும், குழப்பம் அப்படியே இருக்கும். கூம்பு வேற, நடுவாந்தரக் குரலை மட்டும் தூக்கிக் கத்தும். மெய்யெழுத்தைப் பிரிச்சுக் காட்டுற மெல்லிய ஓசை தேஞ்சு போயிடும். இதோட கடல் இரைச்சல், வாடைக்காத்து, ஜெனரேட்டர். பாட்டு போடக் கூம்பு போதும், ஏன்னா பாட்டு நமக்கு முன்னாடியே தெரியும். தெரியாத சேதியைச் சொல்ல அது உதவாது.

இதுல பெரிய கூத்து சட்டம். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் படிச்சுப் பாருங்க. கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னாடி அறிவிக்கணும். முழுசா வீடியோ எடுக்கணும். வந்தவங்க வருகையைப் பதியணும். கடைசியில் கருத்துச் சுருக்கத்தைக் கூடியிருக்கிறவங்களுக்கு அவங்க மொழியில் விளக்கி வாசிக்கணும். எல்லாம் இருக்கு. குறைஞ்சபட்சம் இத்தனை பேர் வரணும்னு கணக்கு கிடையாது, வந்தவங்க காதுல விழுந்துச்சான்னு பார்க்கவும் ஆள் கிடையாது. வாசிச்சா போதும், கடமை முடிஞ்சது. கையெழுத்துப் போட்ட பேப்பர் மட்டும் கோப்புக்குள்ள பத்திரமா இருக்கும்.

இப்ப ஒருத்தர் கை தூக்குவார்: "கூம்பைக் குறை சொல்றியே, நல்லவாடு தெரியுமா?" தெரியும் சாமி. 2004 டிசம்பர் 26. புதுச்சேரிப் பக்கத்து நல்லவாடு மீனவ கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் இருந்தது, அதில் ஒலிபெருக்கியும் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருத்தர் போன் பண்ணி எச்சரிக்க, ஒலிபெருக்கியில் அறிவிச்சாங்க. ஜனம் ஓடித் தப்பிச்சது. அந்த ஒலிபெருக்கிக்கு நான் கோயில் கட்டவும் தயார். ஆனா அது சொன்னது என்ன? "ஓடுங்க" என்கிற ஒத்தைச் சேதி. கூப்பிடவும் எச்சரிக்கவும் கூம்புதான் ராஜா. விளக்கம் சொல்றது, கணக்கு சொல்றது, ஒப்புதல் கேட்கிறது எல்லாம் வேற வேலை. மணி அடிச்சுப் பாடம் நடத்த முடியுமா?

காதுக்கு நேரா அனுப்புறது ஏதோ நாளைக்கு வரப்போற அதிசயம் இல்லை. 1945இல் தொடங்கிய நூரம்பர்க் விசாரணையில் நாலு மொழிப் பேச்சையும் எல்லாரும் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டாங்க. நம்ம மக்களவையில் 1964இல் இருந்து உடனடி மொழிபெயர்ப்பு உறுப்பினர் காதுக்குப் போகுது. சட்டம் போடுறவங்களுக்கு ஆளுக்கொரு இயர்போன், அந்தச் சட்டத்தால் கரையை இழக்கப் போறவனுக்கு ஆறு வரிசை தள்ளி ஒரு கூம்பு. எந்த ஊர் நியாயம் இது?

"எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு வெச்சுட்டா வேலை முடிஞ்சதே"ன்னு யாராவது கிளம்பிடாதீங்க, உரிமம் வேணும். பீகார் மன்சூர்பூரில் ஒரு இளைஞர் சொந்தமா கருவி செஞ்சு நடத்தின ராகவ் எஃப்.எம்.மை 2006இல் இழுத்து மூடினாங்க. அலைவரிசை பொதுச் சொத்துன்னு உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிடுச்சு. ஆனா பொதுஜனம் அதைத் தொட்டா ஷாக் அடிக்கும்!

அதனால என்ன, வேற வழி இருக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறைந்த திறனில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம்னு 2005இலேயே நம்ம அரசு அறிவிச்சது. வைஃபையும் புளூடூத்தும் ஓடுறது அதில்தான். சுற்றுலா வழிகாட்டிகள் வெச்சிருக்கிற கையடக்க செட்டுகளில் இந்தப் பட்டையில் ஓடுறதும் உண்டு: வழிகாட்டி சட்டையில் ஒரு மைக், கூட வர்றவங்க ஒவ்வொருத்தர் கழுத்திலும் ஒரு சின்னப் பெட்டி. அங்கீகாரம் பெற்ற கருவியான்னு மட்டும் பார்த்து வாங்கணும். 2022இல் ஆராகாஸ்ட் என்ற பேரில் புளூடூத்திலேயே ஒலிபரப்பு முறை வந்தாச்சு. ஒரு கருவி அனுப்பினா பக்கத்துல எத்தனை பேர் வேணும்னாலும் கேட்கலாம், அதுக்கேத்த காது கேட்கும் கருவியிலும் நேரா விழும். நம்மாளுங்க கையில் இருக்கிற போன்களில் பெரும்பாலானதில் இது இன்னும் இல்லை. அதனால இன்னைக்குக் கதைக்கு ஆகிறது கழுத்துப் பெட்டிதான்.

சும்மா ஜல்லியடிக்கலை, செஞ்சு பார்த்தோம். புதுச்சேரியில் வெள்ளைக்காரங்களைக் கூட்டிட்டு ஊர் சுத்திக் காட்டுற நண்பரிடம் இருபது பெட்டி இரவல் வாங்கினேன். எக்கியார்குப்பத்தில் சாயங்காலம் ஒரு ஊர்க்கூட்டம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் வர்ற தடைக்கால நிவாரணத்துக்கு யாருக்கு என்ன காகிதம் வேணும்னு விளக்கம். கூம்பை அணைச்சோம். இருபது பெட்டியையும் கடைசி வரிசைக்கும் காது மந்தமானவங்களுக்கும் கொடுத்தோம். முன்னாடி இருந்தவங்களுக்கு வெறும் குரலே போதுமா இருந்தது.

அதிசயம் ஒண்ணும் நடக்கலை. மூணு பெட்டியில் சார்ஜ் பாதியில போச்சு. ஒருத்தர் இயர்போனைத் தலைகீழா மாட்டிக்கிட்டு "ஒண்ணும் வர்லப்பா" என்றார். ஆனா மாமா அன்னைக்கு என் தொடையைத் தட்டலை. பாதியில் எழுந்து, "அந்தக் காகிதம் போன வருஷமே கொடுத்துட்டமே, மறுபடியும் எதுக்கு?"ன்னு கேட்டார். கூட்டத்தில் அவர் கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்னொண்ணும் நடந்தது. எங்க பக்கம் ஊர்க்கூட்டம்னா ஆம்பளைங்கதான் முன்னாடி உட்காருவாங்க. மீன் வித்துட்டு வந்த பொம்பளைங்க தள்ளி வலைக்கொட்டகைத் திண்ணையில் இருந்தாங்க. நாலு பெட்டி அங்கே போச்சு. "அதுங்களுக்கு எதுக்குடா?"ன்னு ஒரு பெருசு முணுமுணுத்தார். பத்தே நிமிஷத்துல திண்ணையிலிருந்து ஒரு அக்கா குரல்: "எங்க பேர்ல கணக்கு இருந்தா செல்லுமா செல்லாதா, அதைச் சொல்லுங்க முதல்ல!" ஒருத்தர் காதுக்குச் சேதி போனா அடுத்து அவர் வாய் திறக்கும். கூட்டம் நடத்துற சில பேருக்கு இந்த ஏற்பாடு பிடிக்காமப் போறதுக்கு அதுதான் காரணமோ என்னவோ.

காது மட்டும் போதாது, அதையும் ஒத்துக்கிறேன். கேட்டவங்க திருப்பிப் பேச, கூட்டத்துக்குள்ள சுத்தி வர ஒரு கம்பியில்லா மைக் வேணும். 'கடலோர ஒழுங்குமுறை மண்டலம்'னு மேடையில் படிக்கும்போது, அது எந்த மேட்டிலிருந்து எந்த மேடு வரைக்கும்னு எங்க பேச்சில் சொல்ல ரெண்டாவது சேனல்ல ஒரு ஆள் வேணும். இதுக்கெல்லாம் காசு எங்கேன்னு கேட்பீங்க. கம்பம், கூம்பு, ஜெனரேட்டர், வரவேற்பு பேனர், சால்வை இதுக்கெல்லாம் எங்கிருந்து வருதோ அங்கிருந்துதான். பெட்டி ஒரு தடவை வாங்கினா தாலுகா முழுக்கச் சுத்தி வரும், பேனர் மறுநாள் கோழிக்கூண்டுக்குக் கூரையாகும்.

அதனால என் கோரிக்கை சின்னது. இனி எந்தக் கருத்துக்கேட்புக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்காருங்க. சுருக்கம் வாசிக்கும்போது கேட்கலைன்னா எழுந்து நின்னு, "எனக்குக் கேட்கலை, இதைப் பதிவு பண்ணுங்க"ன்னு சொல்லுங்க. வீடியோ ஓடுதுல்ல, அதில் விழட்டும். அடுத்த கூட்டத்துக்குப் பெட்டி தானா வரும்.

சகபதிவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கிராமத்துக் கூட்டத்தைப் பத்தித்தானே பேசுறான்னு சிரிக்காதீங்க. நம்ம சந்திப்புகளிலும் புத்தக வெளியீடுகளிலும் ஏசி ஹாலில் எதிரொலிக்கிற ஸ்பீக்கருக்கு நடுவே கடைசி வரிசைக்காரங்க போனை நோண்டிட்டு இருக்கிறது, பேச்சு மொக்கை என்பதால் மட்டும் இல்லை.

டிஸ்கி: எனக்கும் எந்தப் பெட்டிக் கம்பெனிக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. மைக்செட் அண்ணன்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். கல்யாணத்துக்கும் கூழ் ஊத்துறதுக்கும் நீங்கதான், உங்களை விட்டா யாரு?