தக்காளி நாற்றுக்குக் குடில் எதற்கு?



"பசுமைக்குடில் இல்லாம நல்ல தக்காளி நாத்து கிடைக்காது சார்." இந்தப் பேச்சை இப்போது நம் மாவட்டத்தில் எங்கு போனாலும் கேட்கிறேன். யூடியூபில் சொல்கிறார்கள். குடில் அமைத்துக் கொடுக்கும் ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். பத்து செடி வைக்க நினைக்கும் அக்காமார் கூட, "நமக்கெல்லாம் முடியாது" என்று விலகிவிடுகிறார்கள். இது தவறான பேச்சு. சிறு விவசாயியின் மடியில் கைவைக்கிற பேச்சும் கூட. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பசுமைக்குடில் எதற்காக வந்தது? ஹாலந்து போன்ற குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் செடி உறைந்து சாகாமல் இருக்க, வெயிலின் சூட்டை உள்ளே பிடித்து வைக்க வந்தது. மண்டைக்காட்டில் மார்கழிக் குளிரிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தக்காளி விதை முளைக்க வேண்டிய சூடு நமக்கு வருடம் முழுக்க இலவசம். இங்கே பாலித்தீன் கூரை போட்டு நாலு பக்கமும் அடைத்தால் மதியம் உள்ளே அடுப்படி மாதிரி கொதிக்கும். பிறகு அந்தச் சூட்டை இறக்க விசிறி, பனிநீர்த் தெளிப்பு என்று தனிச் செலவு. இல்லாத நோய்க்கு மருந்து வாங்கி, அந்த மருந்தால் வந்த நோய்க்கு இன்னொரு மருந்து வாங்குகிற கதைதான் இது.

நம் ஊரில் நாற்றைக் கெடுப்பவை மூன்று.

முதலாவது, நாற்றழுகல். பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமி தண்டின் அடியைத் தின்றுவிடும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கும். தேங்கிய ஈரம், காற்றோட்டமின்மை, நெருக்கமாக விதைப்பது, இவைதான் காரணம். மூடிய குடிலில் கவனம் தப்பினால் இவை மூன்றும் ஒன்றாகச் சேரும்! கடற்கரையில் நமக்குக் காற்றுக்குப் பஞ்சமா? அரை அடி உயர மேட்டுப்பாத்தி, வரிசைக்கு வரிசை 10 செ.மீ., காலையில் மட்டும் பூவாளித் தண்ணீர். விதையைச் சூடோமோனாஸில் புரட்டி விதையுங்கள். ஒரு கிலோ விதைக்கே 10 கிராம்தான் கணக்கு. நம் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

இரண்டாவது, இலைச்சுருட்டு வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவருவது. நாற்றுப் பருவத்திலேயே தொற்றினால் அந்தச் செடியில் காய் பார்க்க முடியாது. இதற்குத் தடுப்பு கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது குடில் இல்லை, வலை. ஓர் அங்குலத்துக்கு 50 கண் உள்ள நைலான் பூச்சிவலையை வளைத்த மூங்கில் வாரியின் மேல் போர்த்தி, ஓரங்களில் மண்ணை அணையுங்கள். வீட்டுக் கொசுவலை போதாது. அதன் கண் வழியே வெள்ளை ஈ தாராளமாக நுழையும்.

மூன்றாவது, வெளிச்சக் குறைவு. இருட்டு அலமாரியில் வைத்த அவரை வெளுத்து நீண்டு வளரும் என்று ஐந்தாம் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். நிழல்வலைக்குள் ஒரு மாதம் கிடக்கும் தக்காளியும் அதே அவரைதான். பார்க்க உயரமாக, பச்சையாக இருக்கும். வயலில் நட்டதும் துவண்டுவிடும். தென்னை நிழலில் நாற்றங்கால் போடாதீர்கள். முளைக்கும்வரை ஓலை மூடுங்கள். ஒரு வாரத்தில் முளை தெரிந்ததும் அன்றே எடுத்துவிடுங்கள். 25 நாளில் நடலாம். கடைசி ஐந்தாறு நாள் தண்ணீரைக் குறைத்து வெயிலில் காய விட்டால் தண்டு உறுதிப்படும். நடும்போது தண்டையும் சற்று ஆழமாகப் புதையுங்கள், அதிலிருந்தும் வேர் விடும்.

மண்டைக்காட்டு மணலில் தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. மணல், செம்மண், மக்கிய சாணி எரு சமபங்கு போடுங்கள். கத்தரி, மிளகாய் வாடிச் செத்த இடத்துச் செம்மண் மட்டும் வேண்டாம். கயிறு ஆலைச் சோறு சேர்ப்பதென்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியுங்கள், உப்பும் கறையும் போகட்டும். குழித்தட்டு வாங்க வசதியில்லையா? அடியில் ஓட்டை போட்ட சிரட்டையும் பால் கவரும் போதும்.

குடிலைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவர்கள் விதையைப் பற்றிப் பேசுவதில்லை. நம் மாதிரி ஈரமும் புளிப்பும் உள்ள மண்ணில் பெரிய எதிரி பாக்டீரியா வாடல் நோய். அது மண்ணில் இருப்பது; எத்தனை லட்சத்துக் குடிலில் வளர்ந்த நாற்றானாலும் வயலில் வைத்ததும் பிடித்துக்கொள்ளும். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா ரகங்களைக் கொடுத்திருக்கிறது. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் வாடல், இலைச்சுருட்டு, இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ரகம். அதில் விதை எடுத்து மறுபடி விதைக்க முடியாது, அவ்வளவுதான். இவற்றின் பெயர் நம் விவசாயிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

லட்சக்கணக்கில் நாற்று விற்கும் பண்ணைக்குக் குடில் தேவைப்படலாம், அது வியாபாரம். ஆனால் ஒரு ஏக்கர் தக்காளிக்கு நாற்றங்கால் ஏறக்குறைய ஒரு சென்ட்! அந்த ஒரு சென்ட்டுக்கு, அதுவும் 25 நாளுக்கு, வீடு கட்டச் சொல்வது என்ன நியாயம்? பாதிச் செலவு மானியம் என்பார்கள். மீதிப் பாதி யார் பணம்? கடன் வாங்கிய பணம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது வாழையும் ரப்பரும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததை நாம் பார்த்தவர்கள். அப்படியொரு காற்றில் பாலித்தீன் கூரை எந்த மூலைக்கு? மூங்கில் வாரியும் வலையும் என்றால் மழைக்கு முன் சுருட்டித் திண்ணையில் வைத்துவிடலாம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்ததே, மறந்துவிட்டோமா? அன்று வீட்டுக்குப் பத்துச் செடி இருந்திருந்தால் குழம்புக்காவது ஆகியிருக்கும்.

எனவே தோட்டக்கலைத் துறைக்கு என் கோரிக்கை: குடில் மானியத்தை விளம்பரப்படுத்தும் அதே அக்கறையோடு, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்வதற்கு முன்பே ஒவ்வொரு ஊராட்சியிலும் நோய் தாங்கும் விதைப் பொட்டலமும் பத்து மீட்டர் பூச்சிவலையும் குறைந்த விலைக்குக் கொடுங்கள். மார்கழியில் விதைத்தால் தையில் நட்டுவிடலாம். பள்ளிகளுக்கும் கொடுங்கள், பிள்ளைகள் செய்து காட்டுவார்கள்.

குடில் விற்க வருபவரிடம் நீங்களும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க ஊர்ல எந்தக் குளிருக்குத் தம்பி இந்தப் போர்வை?"