சஃபாரி வண்டிக்கு வழி, ஜேனு குருபர்களுக்குத் தடை

கார்த்திகை பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமை மாலைகளில் பெங்களூருவிலிருந்து மைசூர்ச் சாலையில் கார்கள் அணிவகுக்கும். கபினிக் கரையின் பனிமூட்டத்தில், வழிகாட்டி துணையுடன் ஜீப்பில் அமர்ந்து புலியையும் யானையையும் காண்பது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் குளிர்காலச் சடங்காகிவிட்டது. (பார்வைக்கு உகந்த காலம் உண்மையில் கோடைதான், மழைக்குப் பின் தழைத்த புதர்கள் குளிர்காலத்தில் பாதி விலங்குகளை மறைத்துவிடும். ஆயினும் விடுமுறை டிசம்பரில்தானே வருகிறது!) 2025 நவம்பர் 7 அன்று இச்சடங்கு நின்றது. சரகூர் வட்டாரத்தில் விவசாயிகள் அடுத்தடுத்துப் புலி தாக்கி உயிரிழந்ததையொட்டி, நாகரஹொளே, பந்திப்பூர் இரண்டிலும் சஃபாரியை நிறுத்த மாநில வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உத்தரவிட்டார். சஃபாரிப் பணியாளர்கள் புலிகளைக் கண்காணிக்கும் பணிக்குத் திருப்பிவிடப்பட்டனர்.

வேலைவாய்ப்பு போய்விடும் என்று ரிசார்ட் தரப்பு கூறுகிறது. வண்டிகளின் இரைச்சலும் விடுதிகளின் விளக்குகளும்தாம் விலங்குகளை வயலுக்கு விரட்டுகின்றன என்கின்றனர் விவசாயிகள். சஃபாரி ஒன்றே காரணம் என அறுதியிடுவது மிகைதான். உண்ணிச்செடி மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிறது. 2022 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் புலிகள் 563. எனினும் பலியானவரின் குடும்பத்திடம் புள்ளிவிவரம் பேசுவது முறையன்று. அவர்களது கோபம் நியாயமானது. கவலைக்குரியது வேறொன்று: இவ்விவாதம் முழுவதிலும் அக்காட்டின் ஆதிகுடிகள் ஒரு தரப்பாகவே கருதப்படவில்லை.

நாகரஹொளேயில் இது புதிதன்று. காட்டுக்குள் மூர்க்கல் என்னுமிடத்து விடுதிகளை 1990களில் மாநில அரசு தாஜ் குழுமத்திற்குக் குத்தகைக்கு விட்டது. குடியிருந்த பழங்குடிகளை வெளியேறச் சொல்லிக்கொண்டே, நட்சத்திர விடுதிக்கு இடம் கொடுத்தது! ஜேனு குருபர் உள்ளிட்ட மக்கள் போராடினர். 1997 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் குத்தகை சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. அது அரிய வெற்றி. ஆனால் விடுதி நின்றதேயொழிய, வெளியேற்றம் நிற்கவில்லை.

2025 மே மாதம் 52 ஜேனு குருபக் குடும்பங்கள், தாம் முன்பு அகற்றப்பட்ட கரடிகல்லு அத்தூரு கொல்லிக்குத் திரும்பின. அவர்கள் காட்டுவது 2006 வன உரிமைச் சட்டத்தை. இடதுசாரிகளின் தொடர் வலியுறுத்தல் இன்றி அச்சட்டம் இவ்வடிவில் வந்திராது என்பதைத் தோழர்கள் அறிவர். உரிமைகளை அங்கீகரித்துச் சரிபார்க்கும் நடைமுறை முடியும்வரை எவரையும் வெளியேற்றலாகாது என்கிறது அதன் 4(5)ஆம் பிரிவு. ஆயினும் 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், புலிக் காப்பகங்களின் மையப் பகுதிகளில் எஞ்சியுள்ள 591 கிராமங்களின், 64,801 குடும்பங்களின் இடமாற்றத்தை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்கு எழுதியது.

மையப் பகுதியைக் குறிக்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆளும் சொல் 'இன்வயலேட்'. மொழிபெயர்ப்போர்க்குத் தொல்லை தரும் சொல் அது. 'ஊறுபடாத' எனலாம், 'மனிதத் தலையீடற்ற' என்றும் எழுதுகிறார்கள். எப்படிப் பெயர்த்தாலும் அதனையடுத்து, பழங்குடிகள் மற்றும் வனவாசிகளின் உரிமைகளைப் பாதிக்காமல் என்றொரு தொடர் இருக்கிறது. அதிகாரிகளின் கடிதங்களில் முன்சொல் மட்டும் வாழ்கிறது, பின்தொடர் காணாமற் போகிறது. அதே மையப் பகுதியில் 20 விழுக்காடு வரை சுற்றுலாவுக்குத் திறக்கலாம் என்கின்றன 2012ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள். அங்கேயே பிறந்தவர் தேனெடுத்தால் ஊறு. காலையும் மாலையும் டீசல் வண்டி ஓடினால் ஊறில்லை!

தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கையில் தெய்வம், விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு உணவையும் பறையையும் தொழிலையும் ஒரே வரிசையில் வைத்தது. உண்பாரும் உழைப்பாரும் இல்லாத குறிஞ்சியை நம் இலக்கணம் அறியாது. ஆளற்ற காடே தூய காடு என்பது மன்னர்களின் வேட்டைக்காட்டிலிருந்தும் ஆங்கிலேயரின் வனச் சட்டத்திலிருந்தும் வந்த கருத்து. இன்றைய ரிசார்ட்டுகளுக்கும் அது வசதியாக இருக்கிறது.

காடு காண விழைவதைக் குற்றம் என்று சொல்லவில்லை. கட்சிக் குடும்பங்களின் பிள்ளைகளும் யானையைப் பார்க்க ஆசைப்படுவார்கள்; பார்க்கட்டும். அந்த யானையைப் பழக்குபவரும், வேட்டைத் தடுப்பு முகாம்களில் இரவு காப்பவரும் பெரிதும் அதே பழங்குடியினர். அவர்களுள் பலர் ஒப்பந்தக் கூலிகள், பணி நிரந்தரமற்றோர். சஃபாரியை எப்போது, எவ்வளவு அனுமதிப்பது என்ற பேச்சில் ரிசார்ட் உரிமையாளருக்கு நாற்காலி உண்டு. இவர்களது கிராமசபைக்கு இல்லை. மையப் பகுதியில் சஃபாரி ஓட வேண்டுமெனில் முதலில் நிலுவையிலுள்ள வன உரிமை மனுக்கள் முடிக்கப்பட வேண்டும், கிராமசபையின் ஒப்புதல் பெறப்பட வேண்டும், நுழைவுக் கட்டணத்தில் அதற்குப் பங்கு வேண்டும், வனக் காவலர்க்குப் பணி நிரந்தரம் வேண்டும். எல்லையோர விவசாயிக்குத் தாமதமற்ற இழப்பீடும் இதே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். விவசாயியையும் ஜேனு குருபரையும் எதிரெதிரே நிறுத்தும் முயற்சி ஏற்கெனவே தொடங்கிவிட்டது, சரகூரிலும் ஹெச்.டி.கோட்டையிலும் விவசாயிகள் சங்கமும் பழங்குடி அமைப்புகளும் ஒரே மேடையில் அமர வேண்டிய காலம் இதுவே.