சர்க்கரையும் ரத்தக் குழாய்களும்

நீரிழிவு என்றதும் நம்மவர் பலருக்கு ஞாபகம் வருவது மிட்டாய்க் கடையும் சர்க்கரையில்லாத காப்பியுந்தான். உண்மையில் இவ்வியாதி நாவைப் பற்றியதன்று. ரத்தக் குழாய்களைப் பற்றியது.

புதுச்சேரிவாசிகள் இதை அசட்டை செய்வதற்கில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு உண்டு. புதுச்சேரியிலோ 26.3! கோவாவுக்கு அடுத்த ஸ்தானம் நமக்குத்தான். நால்வர் கூடிய இடத்தில் ஒருவர் என்று வைத்துக் கொள்ளலாம்.

ரத்தத்தில் சர்க்கரை மிகுந்து வருஷக்கணக்கில் நிலைத்தால் நேர்வதென்ன? குழாய்களின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. குழாய் விரிவதும் சுருங்குவதும், ரத்தம் உறையாமல் ஓடுவதும் அதன் காவலில் இருக்கின்றன. சர்க்கரை அச்சவ்வைக் கெடுக்கிறது. நுண்ணிய குழாய்களின் சுவர் தடித்துக் கசியத் தொடங்குகிறது. பெரிய குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது.

ஊசுட்டேரி வாய்க்கால் தூர்ந்தால் கடைமடை வயல்தானே முதலில் வாடும்? தேகத்திலும் அப்படியே. விழித்திரை, சிறுநீரகத்தின் வடிகட்டிகள், பாதத்து நரம்புகள் ஆகியவை மெல்லப் பழுதடைகின்றன. பெரிய குழாய்கள் அடைபட்டாலோ மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன. பாதம் மரத்தவருக்கு முள் தைத்தது தெரியாது. ரத்த ஓட்டம் குன்றிய இடத்தில் புண் எளிதில் ஆறாது. காலை இழந்தவர் பலரின் கதை இத்தகைய சிறு புண்ணில் தொடங்கியதேயாகும்.

இத்தனையும் பெரும்பாலும் வலியின்றி நடைபெறுவதே பேரபாயம். 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது!' என்று மருந்தை நிறுத்துவோர் இதைச் சிந்திக்க வேண்டும். வெறும் வயிற்றில், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் சர்க்கரை 126 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருந்து, மறு சோதனையிலும் அவ்வாறே காணுமாயின், அது நீரிழிவே. வலி வரட்டும் என்று காத்திருப்பது விவேகமாகாது.

ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. பிரிட்டனில் நெடுங்காலம் நடந்து 1998-ல் முடிவு வெளியான ஆராய்ச்சியில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நுண்குழாய்ச் சேதம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. ரத்த அழுத்தத்தை அடக்கியதும் மிகுந்த பலன் தந்தது.

ஆகவே ஆண்டுக்கொரு முறை கண்ணையும் சிறுநீரையும் சோதித்துக் கொள்க. தினந்தோறும் இரவில் பாதங்களைப் பார்த்துக் கொள்க. புகையிலையை விடுக. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நம் ஊரிலேயே நிற்கிறது. மருந்தும் மருத்துவரும் அருகில் இருக்க, கண்ணையும் காலையும் அலட்சியத்துக்குப் பலியிடுவது தகுமோ?