படிக்காசும் பழைய துணி மூட்டையும்

கேலாங் வட்டாரத்தில் கோயில் தொண்டு செய்யும் நாங்கள் சில பேர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இது எந்தக் கோயில் நிர்வாகத்தின் அறிவிப்பும் இல்லை, தொண்டூழியர்களான எங்கள் கருத்து மட்டும்தான். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிச்சுட்டு, சரின்னு பட்டால் மற்றவர்களுக்கும் அனுப்புங்கள்.

ஊரில் புயல், வெள்ளம் என்று செய்தி வந்தாலே போதும், நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் ரெண்டு விதமான கேள்வி வரும். "வீட்டில் நாலு மூட்டை துணி இருக்கு, கோயிலில் கொண்டுவந்து வைக்கலாமா?" என்பது ஒன்று. "இந்த பேநவ் எண்ணுக்கு அனுப்பினால் ஊரில் தெரிஞ்சவர் நேரா கொடுத்துடுவாராமே, அனுப்பலாமா?" என்பது இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளில் மண் சரிந்தது. அங்கே தோட்டங்களில் இருப்பது நம் சனம். அந்த மாதிரி நேரத்தில் மனசு பதறுவது இயல்பு, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ரெண்டு கேள்விக்கும் எங்கள் பதில் ஒன்றுதான்: வேண்டாம். பணமாகக் கொடுங்கள், அதையும் அனுமதி பெற்ற நிவாரண அமைப்பு மூலமாகக் கொடுங்கள்.

இப்படிச் சொன்னால் சிலருக்கு வருத்தம். "கோயிலில் இருந்துகொண்டு தர்மத்தைத் தடுக்கிறீங்களே" என்கிறார்கள். தடுக்கவில்லை அன்பர்களே. காரணத்தைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதன்பிறகு அங்கே சாலை ஓரமெல்லாம் மலை மலையாகக் குவிந்தது என்ன தெரியுமா? எங்கெங்கிருந்தோ லாரியில் வந்த பழைய துணி. கடலை நம்பிக் கௌரவமாகப் பிழைத்த மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. அந்தக் குவியலை அள்ளி அப்புறப்படுத்துவதே தனி வேலையாகிப்போனது. மருந்தும் அப்படித்தான். அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு சுமார் 4,000 டன் மருந்து வந்து சேர்ந்தது. பாதிக்கும் மேலானவை அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. பல பெட்டிகளில் எழுதியிருந்த மொழி அங்குள்ள மருத்துவர்களுக்கே புரியாது. நூற்றுக்கணக்கான டன்னை அழிக்க வேண்டிய நிலை. நல்ல மனசோடு அனுப்பியதுதான், ஆனால் நோயாளிக்கு உதவாமல் கிடங்கை அடைத்துக்கொண்டது.

இப்போது இதைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் இந்தியாவில் கோவிட் இரண்டாம் அலை. மருத்துவமனைகள் கேட்டது ஒன்றே ஒன்று, ஆக்சிஜன். சிங்கப்பூர் ஆகாயப்படையின் ரெண்டு விமானங்கள் 256 ஆக்சிஜன் சிலிண்டர்களை மேற்கு வங்காளத்துக்குக் கொண்டுபோயின. மே மாதம் இந்தியக் கடற்படையின் ஐராவத் கப்பல் இங்கிருந்து ஆக்சிஜன் டாங்கிகளையும் ஆயிரக்கணக்கான சிலிண்டர்களையும் ஏற்றிக்கொண்டு விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. கேட்டது போனது, கேட்காதது போகவில்லை. உதவி என்றால் இதுதான்.

நம் பெரியபுராணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது ஈசன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் என்ன கொடுத்தார்? நெல் மூட்டையா, துணியா? காசு கொடுத்தார். தினம் ஒரு காசு, படிக்காசு. அதை வைத்து அந்த ஊர்க் கடையிலேயே பொருள் வாங்கி அடியார்களுக்கு அமுது படைத்தார்கள். ஒருநாள் கூத்தாக இல்லாமல் பஞ்சம் தீரும்வரை தினமும் நடந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். சம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்ற வட்டம் கேட்டார்கள், அதனால் அவர் மடத்தில் சாப்பாடு தாமதமானது. கைத்தொண்டு செய்த அப்பருக்கோ வட்டமில்லாத நல்ல காசு. பசித்தவனுக்கு ஒருவேளை தாமதம்கூடப் பெரிய விஷயம் என்று சேக்கிழார் பெருமானுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறோம்: மூட்டை கட்டி, கப்பலில் ஏற்றி, சுங்கத்தில் காத்துக் கிடப்பதைவிட, அங்கேயே அரிசியும் பாயும் வாங்கப் பணம் அனுப்புவது மேல். அந்த ஊர்க் கடைக்காரரும் பிழைத்துக்கொள்வார்.

சரி, பணத்தைத் தெரிஞ்சவர் கணக்குக்கே அனுப்பினால் என்ன? சொந்தக்காரருக்கு நீங்கள் அனுப்புவது உங்கள் விருப்பம். ஆனால் வெளிநாட்டு உதவிக்கென்று பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுவான விதிப்படி, திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காட்டை சிங்கப்பூரிலேயே நற்காரியத்துக்குச் செலவிட வேண்டும். பேரிடர் நிவாரணம் என்றால் விலக்கு கேட்கலாம். இதெல்லாம் தெரியாமல் ஒரு நல்லவர் தன் பெயரில் வசூல் செய்துவிட்டு, பிறகு கணக்குக் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் தவிப்பார். ஏமாற்றுக்காரன் புகுந்துவிட்டால் இன்னும் மோசம். வரிக்கழிவை நினைத்துக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெளிநாட்டு நிவாரணத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 2024 வரை இங்கே வரிக்கழிவு கிடையாது, இப்போது எதற்குக் கிடைக்கும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் கொடுப்பது? 1949ல் தொடங்கிய சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. ஆசிய பசிபிக் வட்டாரப் பேரிடர்களுக்கென்றே 2003ல் உருவான மெர்சி ரிலீஃப் இருக்கிறது. "நம்ம காசு நம்ம ஆளுங்களுக்குப் போய்ச் சேருமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அந்தந்த நாட்டிலேயே சகோதரச் சங்கம் உண்டு, இலங்கையிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. சாதி, மதம், மொழி பார்க்காமல் யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில் என்பது அவர்கள் கொள்கை. அப்படியென்றால் உங்கள் பத்து வெள்ளி முன்பின் தெரியாத ஒரு சிங்களத் தாய்க்கோ முஸ்லிம் குழந்தைக்கோ போகலாம். போகட்டுமே! நம் அன்னதான வரிசையில் நிற்பவரிடம் யார் எவர் என்று நாம் கேட்கிறோமா? அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று சொல்லவில்லை. எவ்வளவு திரண்டது, எதற்குச் செலவானது என்று அவர்கள் வெளியிடும் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது நம் உரிமை.

எங்களுக்கு உண்மையில் பெரிய கவலை வேறு. செய்தி ஓய்ந்ததும் நம் கையும் ஓய்ந்துவிடுகிறது. அப்பூதியடிகள் தாகத்தோடு ஆள் வந்த பிறகா தண்ணீர்ப் பந்தல் போட்டார்? முன்னாலேயே போட்டு வைத்தார். அதேபோல மருத்துவக் குழு புறப்பட வேண்டுமென்றால் மருந்தும் பயிற்சியும் பெட்டியும் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். புயல் வந்த அன்று கொடுக்கும் ஐம்பது வெள்ளியைவிட மாதா மாதம் கொடுக்கும் ஐந்து வெள்ளி அதற்கு உதவும்.

காசு கொடுக்க முடியாதவர்களுக்குக் கைத்தொண்டு இருக்கிறது. முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் வீடியோ எடுக்க நூறு பேர், தூக்கிப் பிடிக்க நாலு பேர் என்றில்லாமல் இருக்கும். ரத்தம் கொடுங்கள். இங்கே ரத்தக் கொடையாளர்களைச் சேர்க்கும் பொறுப்பும் செஞ்சிலுவைச் சங்கத்துடையதுதான். 16 வயது முடிந்து, எடை 45 கிலோவாவது இருந்து, உடம்பும் நன்றாக இருந்தால் 12 வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஊருக்குப் போய்விட்டு வந்தவர்கள் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலேயே ஒரு ரத்த வங்கி இருக்கிறது. 1993ல் கேலாங் ஈஸ்டில் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில் அதற்குமுன் இருந்தது அந்த டோபி காட் பக்கம்தான் என்பது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சுவாமி இருந்த இடத்துப் பக்கம் போய் ஒரு உயிருக்கு உதவிவிட்டு வரலாமே.

அடுத்த புயல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் நம் வீட்டுப் படிக்காசை எடுத்து வைப்போம்.

திருச்சிற்றம்பலம்.