வலிக்காத பொருக்கை என்ன செய்வது?

நோய் என்றால் வலிக்க வேண்டும் என்றோர் எண்ணம் மனித மனத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. பல்வலி வந்த மறுநாளே மருத்துவரைத் தேடி ஓடுகிறவர்கள், வலியில்லாத ஒன்றை ஆண்டுக்கணக்கில் உடலில் சுமந்து திரிவார்கள். இங்கு நாம் பேச விரும்பும் தோல் மாற்றம் அத்தகையது. வெளிர்நிறத் தோலுடைய மக்கள் கடும் வெயிலில் வாழ நேர்ந்த நாடுகளில், நடுவயதைக் கடந்தவர்களின் நெற்றியிலும் வழுக்கைத் தலையிலும் காதுமடலிலும் புறங்கையிலும் அது தோன்றுகிறது. உப்புத்தாளைத் தொட்டாற்போன்ற சொரசொரப்பு. சில மில்லிமீட்டர் அகலம். சிவப்பாகவோ தோலின் நிறத்திலேயோ இருக்கும். பல வேளைகளில் கண்ணுக்குத் தெரியுமுன் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். உரித்தால் உதிரும், மீண்டும் வரும். மருத்துவர்கள் இதனை 'ஆக்டினிக் கெரட்டோசிஸ்' என்கிறார்கள். ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கில் இது வெறும் 'வெயில் புள்ளி'.

பெயர்களைப் பற்றிக் கவலைப்படுவது இலக்கிய வாசகர்களின் இயல்பு என்பதால் இதையும் சொல்லிவிடுவோம். 1894-இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா, கடலோடிகளின் முகத்தில் கண்ட இத்தகைய சிதைவுகளை 'மாலுமித் தோல்' என்று குறித்தார். தொழிலையும் வெயிலையும் ஒருங்கே சுட்டிய நல்ல பெயர் அது. பின்னர் மருத்துவ நூல்களில் 'முதுமைப் பொருக்கு' என்ற பொருள்தரும் பெயர் நெடுங்காலம் புழங்கியது. பழி வெயிலிலிருந்து வயதின் மீது நகர்ந்துவிட்டது. வயதுக்கு மருந்து ஏது? நரையைப் போல, சுருக்கத்தைப் போல இதுவும் ஒன்று என்று மனிதர்கள் இருந்துவிட அந்தப் பெயரே இடம் கொடுத்துவிடுகிறது.

உண்மையில் இது முதுமையின் குறியன்று. சூரியனின் புற ஊதாக் கதிர் தோலின் மேலடுக்கு உயிரணுக்களில் உள்ள மரபுப் பொருளைச் சிதைக்கிறது. பழுதுபட்ட உயிரணுவைத் தடுத்து நிறுத்தும் காவலனாகிய 'பி53' என்ற மரபணுவே பழுதாகிவிடும்போது, கெட்ட உயிரணுக்கள் தடையின்றிப் பெருகத் தொடங்குகின்றன. அவை மேலடுக்குக்குள் நிற்கும்வரை அது பொருக்கு. அடித்தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கினால் அது செதிள் உயிரணுப் புற்றுநோய். இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லியதொரு சவ்வு.

சிறுவயதில் வாங்கிய வெயில் முதுமையில் கணக்குத் தீர்க்க வருகிறது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரரும் வர்ணனையாளருமான ரிச்சி பெனோவின் குரலை அறியாத கிரிக்கெட் ரசிகர் நம்மிடையே குறைவு. 2014 நவம்பரில், தம் 84-ஆம் வயதில், நெற்றியிலும் உச்சந்தலையிலும் தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவதை அவர் அறிவித்தார். கீத் மில்லர் தொப்பி அணிவதில்லை என்பதற்காகத் தாமும் அணியாதிருந்ததை நினைவுகூர்ந்து, எல்லோரும் தலையைக் காத்துக்கொள்ளுங்கள் என்றார். 2015 ஏப்ரலில் மறைந்தார். இளமையின் ஒரு சிறு ஒயில், அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து விலை கேட்டது.

இனி எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்வோம். பொருக்குகளை அப்படியே விட்டுவிடலாம் என்போரிடம் வலுவான சான்றுகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ராபின் மார்க்ஸும் அவருடைய குழுவினரும் 1980-களில் நடத்திய ஆய்வுகளின்படி, ஒரு பொருக்கு ஓராண்டில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஏறத்தாழக் கால்பங்குப் பொருக்குகள் ஓராண்டுக்குள் தாமாகவே மறைந்தும் போயின. அப்படியிருக்க, எதற்குச் சுட்டும் உறையவைத்தும் முதியவர்களை வதைப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். செதிள் உயிரணுப் புற்றுநோய்களில் சுமார் அறுபது விழுக்காடு, முந்தைய ஆண்டில் வெறும் பொருக்கு என்று குறிக்கப்பட்டிருந்த இடத்திலேயே முளைத்திருந்தன. மேலும், வெயிலில் உழைத்த ஒருவருக்கு ஒரேயொரு பொருக்கு வருவது அரிது. பத்து, இருபது என்று வரும். வாய்ப்பை ஆயிரத்தில் ஒன்று என்றே கொண்டாலும், பத்துப் பொருக்குகள் பத்தாண்டுகள் இருந்தால் அம்மனிதருக்கான ஆபத்து பத்தில் ஒன்றை நெருங்குகிறது. பொருக்கைத் தனித்தனியே எண்ணினால் அலட்சியம் செய்யலாம். அதைச் சுமக்கும் ஆளை எண்ணினால் முடியாது. எது மறையும், எது துளைத்து இறங்கும் என்று பார்வையால் முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை.

இடமும் முக்கியம். கீழுதட்டில் இத்தகைய வெடிப்பும் செதிலும் நிலைத்துவிட்டால் கூடுதல் கவனம் வேண்டும். உதட்டிலும் காதிலும் தோன்றும் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பு, பிற இடங்களில் தோன்றுவதைவிட அதிகம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பன்மடங்கு. பொருக்கு தடிப்பது, விரைந்து வளர்வது, இரத்தம் கசிவது, தொட்டால் வலிப்பது ஆகியவை அது எல்லை தாண்டியிருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள். வலிக்காகக் காத்திருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது இங்கே விளங்கும்.

இத்தனைக்கும், தொடக்க நிலையில் மருத்துவம் எளிது. ஓரிரண்டு இருந்தால் திரவ நைட்ரஜனால் சில நொடிகளில் உறையவைத்து உதிர்க்கலாம். பரவலாக இருந்தால் ஃபுளூரோயுராசில் களிம்பை மருத்துவர் சொற்படி சில வாரங்கள் பூசலாம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரிடையே நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், முகத்திலும் காதிலும் இக்களிம்பைப் பூசியவர்களுக்கு, அறுவை தேவைப்படும் செதிள் உயிரணுப் புற்றுநோய் முதலாண்டில் 75 விழுக்காடு குறைந்தது. பூசும் நாட்களில் முகம் சிவந்து புண்ணாகித் தோன்றும் என்பதால் பாதியில் கைவிடுவோர் உண்டு. இதை முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை. தாமதித்தால் கத்தி, தையல், சில வேளைகளில் மூக்கிலோ காதிலோ ஒரு பகுதி இழப்பு, அரிதாக உயிரும்.

எல்லாப் பொருக்குகளையும் அழித்தே தீர வேண்டும் என்பதல்ல நம் வாதம். தொண்ணூறு வயது முதியவரின் கையிலுள்ள ஒரு பொருக்கை விட்டுவைக்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்யலாம். அது பார்த்து எடுத்த முடிவு. பாராமலேயே விட்டுவிடுவது முடிவன்று, அலட்சியம். கண்காணிப்பும் அலட்சியமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும், விளைவில் வேறுபடும்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தமிழ் வாசகர் கேட்கலாம். கரிய தோலின் நிறமி இயற்கை தந்த குடை. ஆகவே இந்தப் பொருக்கு நம்மில் பெரும்பாலோருக்கு அரிது. ஆனால் அந்தக் குடை இல்லாமல் பிறந்தவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். நிறமிக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளோடு அதே பள்ளி மைதானத்தில், அதே உச்சிவெயிலில் நிறுத்தப்படுகிறார்கள். ஆஸ்திரேலியருக்கு அறுபதில் வருவது இவர்களுக்கு இளமையிலேயே வரக்கூடும். வெயில்காப்புக் களிம்போ நம் கடைகளில் முகம் கறுக்காமலிருக்கும் அழகுப் பொருளாக விலைபேசப்படுகிறது. தான்சானியாவில் கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷி நகரில், நிறமியற்றோருக்கென்றே வெயில்காப்புக் களிம்பு தயாரித்து வழங்குகிறார்கள். அது இங்கும் மருந்தாக மதிக்கப்பட்டு, தேவைப்படுவோர் கைக்கு விலையின்றி வந்துசேர வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

களிம்பு வெறும் நம்பிக்கையன்று. குயின்ஸ்லாந்தின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில், நாள்தோறும் பூசியவர்களுக்குச் செதிள் உயிரணுப் புற்றுநோய் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. தொப்பி, முழுக்கைச் சட்டை, களிம்பு, ஆண்டுக்கொருமுறை தோல் மருத்துவரின் பார்வை: தேவைப்படுவோருக்கு இவ்வளவே கேட்கப்படுகிறது. வெயிலைத் தடுக்க முடியாது. அது விட்டுச்சென்ற பொருக்கை வலிக்கும்வரை விட்டுவைக்காமல், இன்றே ஒரு மருத்துவரிடம் காட்ட முடியும்.