வரவு மட்டும் எழுதும் பேரேடு

எங்க ஈஜிபுரா வீட்டு ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாய்க்குக் கீழே என் மனைவி எப்பவும் ஒரு பக்கெட் வைத்திருப்பார். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ அந்தத் தண்ணீர்தான். டேங்கருக்குக் காசு கொடுக்கிற யாரும் அதைச் சாக்கடையில் விட மாட்டார்கள்.

போன வாரம் திருவான்மியூர் அக்கா போனில், "எங்களுக்குக் கடல் தண்ணி வருதுடா, இனிமே பஞ்சமே இல்ல" என்றாள். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த ஊர். அவள் சந்தோஷம் நியாயம்தான். ஆனால் நான் வங்கிக்காரன். வரவு மட்டும் எழுதிய பேரேட்டைப் பார்த்தால் கை அரிக்கும் :-)

மீஞ்சூர் (2010), நெம்மேலி (2013) ஒவ்வொன்றும் தினம் 10 கோடி லிட்டர். 2024-ல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி. பேரூரில் 40 கோடிக்கு 2023-ல் அடிக்கல். இதெல்லாம் வரவு. பற்று எங்கே? 100 லிட்டர் கடல்நீரை மெம்பரேனில் அழுத்தினால் நல்ல தண்ணீர் 40, 45 லிட்டர்தான். மிச்சமெல்லாம் ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பேறி மறுபடி கடலுக்கே போகிறது. அந்தப் பற்று, கரையோரம் வலை வீசுகிறவர் தலையில்.

இத்தனைக்கும் அந்த உப்புநீரில் மிஞ்சும் அழுத்தத்தைக்கூட விடாமல் பிடித்து, புதிதாக வரும் கடல்நீரைத் தள்ள வைக்கிற கருவி இருக்கிறது. கரண்ட் பில் குறையும். அழுத்தத்தைத் திரும்ப எடுக்கத் தெரிந்தவர்களுக்கு உள்ளே இருக்கும் சரக்கு தெரியாதா?

நானே கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மக்னீசியம். 10 கோடி லிட்டர் குடிநீருக்கு 25 கோடி லிட்டர் கடல்நீர் என்றால், தினம் 300 டன்னுக்கு மேல் மக்னீசியம் திரும்பப் போகிறது. நாமோ அந்த உலோகத்தை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்.

"எடுக்கிற செலவு கட்டாதுங்க" என்பார்கள். இன்றைக்கு முழுசும் கட்டாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோடியத்தை விட்டுவிட்டு மக்னீசியத்தைப் பெருமளவு தடுக்கிற நானோ வடிகட்டி மெம்பரேன் இருக்கிறது. உப்பும் மெம்பரேனும் இரண்டையும் ஆராய பாவ்நகரில் 1954 முதல் மத்திய ஆய்வகமே இருக்கிறது. குஜராத்தில் உப்பள மிச்ச நீரிலிருந்து புரோமின் எடுத்து விற்கிறார்கள். அடுத்த டெண்டரில், கழிவில் ஒரு பங்கையாவது பிரித்தெடுத்துக் காட்டு என்று ஒரு ஷரத்து போட என்ன கஷ்டம்?

அக்காவிடம் சொன்னேன். "உனக்கு எல்லாத்துலயும் கணக்குதாண்டா" என்று சிரித்தாள்.

ஆமாக்கா. பக்கெட் வைக்காத வீட்டுல கணக்கு கேட்டுத்தான் ஆகணும்.